யாழ்ப்பாணத்து வளவும் கோடைத் தண்ணீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீட்டர் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். தை பிறந்ததும் வானம் வெளிக்கும். சித்திரையில் இடியோடு விழும் சில மழைகளை விட்டால், அடுத்த மாரி வரை மண்ணுக்கு வேறு ஈரம் இல்லை. இடையில் மாதக்கணக்காகச் சோளகக் காற்று வேறு வீசி இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சும். இப்படிப்பட்ட ஊரில் வீட்டு வளவிலேயே வாழையும் கத்தரியும் பயிற்றையும் வளர்த்துச் சமைத்த வழக்கம் தலைமுறைகளாக நிலைத்தது எப்படி, அது பின்னர் தளர்ந்தது ஏன் என்று கேட்டால் இரண்டு விடைகள் உடனே வரும். வெயில் கூடிவிட்டது என்பார்கள். ஆட்களுக்குச் சோம்பல் கூடிவிட்டது என்பார்கள். இரண்டையும் ஏற்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். வளவுத் தோட்டத்தைக் கோடையில் காப்பாற்றியது ஒரு நீர் ஏற்பாடு. குளிக்கவும் கழுவவும் அள்ளிய தண்ணீர், தன் வேலை முடிந்ததும் செடியின் அடிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வழி அடைபட்ட வீடுகளில் தோட்டமும் படுத்துவிட்டது.

முதலில் வெயிலைப் பார்ப்போம். குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. மாரி மழை அந்தக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருக்கும் புத்தூர் நிலாவரைக் கிணறு இதைக் கண்ணால் காட்டுகிறது. ஆகவே கோடையிலும் தண்ணீர் காலடியில்தான் இருந்தது; அதை மேலே கொண்டுவருவதுதான் பாடு. கோப்பாய், உரும்பிராய், கோண்டாவில் போன்ற செம்மண் ஊர்களில் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் மழை ஓய்ந்த பிறகு கிணற்று இறைப்பில் விளைந்த பயிர்கள். ஒருவர் துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். இன்னொருவர் கிணற்று வாயில் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். மூன்றாமவர் மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். வானம் காய்ந்து கிடந்த மாதங்களிலேயே இந்த மண் காசு பார்த்தது என்றால், வீட்டுத் தோட்டத்தின் வீழ்ச்சிக்கு வெயிலை மட்டும் குற்றவாளியாக்குவது பொருந்தாது.

விற்பனைக்குரிய தோட்டத்துக்கு ஆட்களை வைத்து இறைக்கலாம். நாலு கத்தரிச் செடிக்கும் ஒரு முருங்கைக்கும் அப்படிச் செய்தால் கட்டுப்படியாகாது. வீட்டுத் தோட்டத்துக்கென்று தனியாகத் தண்ணீர் அள்ளினால், கைவலிக்கு ஏற்ற காய் கிடைக்காது. இந்தக் கணக்கை அந்தக் காலத்து வீட்டார் எப்படித் தீர்த்தார்கள் என்பதற்குப் பழைய வளவின் அமைப்பே சான்று. கிணற்றுக் கட்டை ஒட்டிக் குளிக்கும் இடமும் உடுப்புத் தோய்க்கிற கல்லும் இருந்தன. அங்கிருந்து ஒரு சிறு வாய்க்கால் புறப்பட்டு முதலில் வாழைக்குப் போகும். அதையடுத்துக் கமுகு, எலுமிச்சை, தோடை. சட்டி பானை கழுவிய தண்ணீர் குசினிக்குப் பின்னால் கறிவேப்பிலைக்கும் கத்தரிக்கும் விழும். கிணற்றிலிருந்து விலக விலகத் தண்ணீர் குறைவாகக் கேட்கும் மரங்கள் வரும்: முருங்கை, மாதுளை, மா, பலா. வேலியோரத்தில் வேம்பும் பனையும். மழையை நம்பிய பூசணியும் இராசவள்ளியும் மரவள்ளியும் எஞ்சிய வெளியில் மாரியோடு முளைத்தன. நட்டவர்கள் வரைபடம் போட்டு நடவில்லை. எந்தச் செடி எந்தக் கோடையில் பட்டுப்போனது, எது தப்பியது என்று பார்த்துப் பார்த்து வந்த ஒழுங்கு அது. வளவில் ஒரு மரம் நிற்கும் இடத்தைக் கொண்டே அந்த வீட்டுத் தண்ணீர் எவ்வளவு தூரம் போனது என்று சொல்லிவிடலாம்.

இந்த ஏற்பாட்டின் மறுபாதி வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நட்டுக் கிடுகாலோ பனையோலையாலோ அடைத்த வேலி, அண்டை வீட்டுக்கு மறைப்பாக இருந்ததோடு சோளகத்தின் வேகத்தையும் தணித்தது. வெட்டிய குழையில் ஒரு பங்கு ஆட்டுக்குப் போனது. மிச்சம் மண்ணுக்குப் பசளையானது. உக்கிப்போன பழைய ஓலையைத் துண்டாக்கி நிலத்தில் தாழ்ப்பது யாழ்ப்பாணத்தாரின் பழைய பழக்கம். புதைந்த ஓலை மெல்ல மெல்ல உக்கி, ஊற்றிய தண்ணீரைப் பிடித்து வைத்தது. குளித்த தண்ணீர் சிறிதாக இருந்தும் போதுமானதாக இருந்ததற்கு இந்த ஓலையும் குழையும் நிழலும் காரணம். மதில் கட்டிய வளவில் காற்று ஓரளவு தடைபடும். ஆனால் மதில் குழை தராது, ஆட்டுக்குத் தீனி தராது, பகலில் வாங்கிய சூட்டை அந்தியில் திருப்பிக் கக்கும்.

வளவுத் தோட்டம் எழுந்த காலங்களையும் விழுந்த காலங்களையும் வரிசைப்படுத்தினால் வாதம் இன்னும் தெளிவாகும். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் இலங்கைக்கு அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது; உணவுப் பயிர் செய்யும்படி அரசு தூண்டியது. 1970 முதல் 1977 வரை வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாண விவசாயி தலைநிமிர்ந்தார். அரிசியும் மாவும் அரிதானதால் வளவுகளில் மரவள்ளி பெருகியது. 1977-இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் பயிருக்குக் கிடைத்த விலையும் போயிற்று, அந்த வேகமும் தணிந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, 2022-இல் நாடு பொருளாதாரத்தில் நொறுங்கியபோது, அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்க அந்த ஆண்டு ஜூனில் அமைச்சரவை முடிவெடுத்தது. ஒவ்வொரு நெருக்கடியும் மக்களை மண்வெட்டி எடுக்க வைத்தது. ஒவ்வொரு முறையும் கடை திறந்ததும் மண்வெட்டி மூலைக்குப் போனது. இதைப் பார்த்து, பசி வந்தால்தான் தோட்டம் என்று முடிவுகட்டுவோர் உண்டு. அப்படியானால் நெருக்கடி இல்லாத ஆண்டுகளிலும் பழைய வளவுகள் ஏன் பச்சையாக இருந்தன என்ற கேள்விக்கு அவர்கள் விடை சொல்ல வேண்டும். நெருக்கடிக் காலத் தோட்டங்கள் விதையாலும் ஊக்கத்தாலும் தொடங்கப்பட்டவை. பழைய வளவோ அன்றாடக் குளியலாலேயே நனைந்தது; பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டார் குளித்தார்கள்.

இந்த அன்றாட நீர் செடியிடமிருந்து விலகியது எப்போது? 1950-களுக்குப் பின் மண்ணெண்ணெயில் ஓடும் இறைக்கும் இயந்திரங்கள் பரவின. பிறகு மின்மோட்டர் வீட்டுக் கிணற்றுக்கும் வந்தது. இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும்: மோட்டர் வந்தால் தண்ணீர் கூடத்தானே கிடைக்கும், தோட்டம் ஏன் வாட வேண்டும்? தண்ணீர் கூடியது உண்மை. ஆனால் மோட்டரோடு கூரைமேல் தாங்கி வந்தது. தாங்கியோடு குளியலறை வீட்டுக்குள் வந்தது. குளியலறைக் குழாய் நேராகக் குழிக்குள் இறங்கியது. கிணற்றடியில் நின்று குளித்தபோது ஒரு வாளித் தண்ணீர் இரண்டு வேலை செய்தது. வீட்டுக்குள் குளிக்கத் தொடங்கியபின் பல மடங்கு தண்ணீர் ஒரே வேலையைச் செய்துவிட்டு மண்ணுக்கடியில் மறைகிறது. செடிக்கு ஊற்ற வேண்டுமென்றால் தனியாக மோட்டர் போட வேண்டும், குழாய் பிடித்து நிற்க வேண்டும். பழைய ஏற்பாடு தவிர்த்த அதே கூடுதல் செலவும் நேரமும் திரும்பி வந்துவிட்டன. போதாக்குறைக்கு, நன்னீர்ப் படலத்திலிருந்து வேகமாக உறிஞ்சினால் அடியிலிருக்கும் உவர்நீர் மேலே ஏறும். துலாவும் கயிறும் மனிதக் கையின் வேகத்துக்கு மேல் எடுக்க முடியாதவை என்பதால் கிணறு தன்னைத் தேற்றிக்கொள்ள நேரம் கிடைத்தது. அளவின்றி இறைத்த கரையோரக் கிணறுகள் கோடையில் உவர்க்கத் தொடங்கினால், அந்தத் தண்ணீரைத் தாங்கும் வீட்டுச் செடிகள் மிகச் சில.

1990-க்குப் பிந்தைய ஆண்டுகள் இதைச் சோதித்துப் பார்த்தவை போலவே அமைந்தன. போரினால் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளும் உரமும் பொருளாதாரத் தடைக்குள் வந்தன. மோட்டர் ஓடாத வீடுகளில் மக்கள் மறுபடியும் கிணற்றடிக்கே போனார்கள். அள்ளிய இடத்திலேயே குளித்தார்கள், தோய்த்தார்கள். தண்ணீர் பழைய வாய்க்காலுக்குத் திரும்பியது. துன்பம் நிறைந்த அந்தக் காலத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தக் கண்ணி அறுந்தது, எது மீண்டும் பொருந்தியது என்பதை அது காட்டுகிறது என்பதற்காகச் சொல்கிறேன். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தார்கள். வீட்டார் போன வளவில் குளியலும் இல்லை, கழுவலும் இல்லை. மனிதர் இருந்தால்தான் நனையும் தோட்டம், மனிதர் நீங்கினால் நிற்காது. வேம்பும் பனையும் நிற்கும், வாழை நிற்காது.

இனி வலுவான மறுப்புக்கு வருவோம். கிணற்றடி வாழ்க்கையைப் பாராட்டுவது, கயிறு இழுத்த பெண்களின் தோள்வலியை மறப்பதாகும் என்பார்கள். அதைவிடக் கனமான உண்மை ஒன்றும் உண்டு. சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பிறர் கிணற்றில் அள்ளும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது. சொந்தக் காணியும் கிணறும் இல்லாதவர்கள் யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்றார்கள். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957-இல் வந்த பிறகும் அந்த அநீதி ஒரே நாளில் ஒழியவில்லை. ஆகவே பச்சை வளவு எல்லோருக்கும் இருந்தது என்று சொல்வது பொய். கிணறு யாருடையதோ அவருடைய வளவே கோடையிலும் பச்சையாக இருந்தது. இந்த மறுப்பு என் வாதத்தை முறிக்கவில்லை, வலுப்படுத்துகிறது. வீட்டுத் தோட்டத்தின் தலைவிதியை வெயிலோ உழைப்பில் நாட்டமோ தீர்மானித்திருந்தால், அந்த மக்களின் முற்றங்களே ஊரில் முதன்மையாகச் செழித்திருக்க வேண்டும். உழைப்பில் அவர்களை விஞ்சியவர் இல்லை. தீர்மானித்தது தண்ணீர்தான். மீட்க வேண்டியதும் கயிறு அல்ல, வாய்க்கால். மோட்டரும் குழாயும் பெண்களின் முதுகை நிமிர்த்தியவை, அவை இருக்கட்டும். குளியலறைக்கு வெளியே தண்ணீர் போகும் திசையை மாற்றினால் போதும்.

சவர்க்காரத் தண்ணீர் செடியைக் கெடுக்காதா, காணி துண்டு துண்டான பிறகு தோட்டத்துக்கு இடம் ஏது என்ற இரண்டு கேள்விகள் மிச்சம். முதலாவதில் உண்மை இருக்கிறது. சலவைத் தூள் கலந்த தண்ணீரைத் தொடர்ந்து ஒரே இடத்தில் விட்டால் மண் இறுகும். ஏற்கெனவே உவர் ஏறிய ஊரில் அது இன்னும் கெடுதி. அதனால் சலவைத் தண்ணீரை விலக்கி, குளித்த தண்ணீரையும் அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரையும் மட்டும் விடலாம்; வாழை, தென்னை, கமுகு போன்றவற்றுக்கு இடம் மாற்றி மாற்றிப் பாய்ச்சலாம்; பச்சையாக உண்ணும் கீரைக்கு விடாமல் இருக்கலாம். கிணற்றுக்கு உண்மையான ஆபத்து மலகூடக் குழியும் அளவு மீறிய உரமும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று பாதுகாப்பான அளவைத் தாண்டியிருப்பதை 1980-களிலேயே ஆய்வுகள் காட்டிவிட்டன. குளித்த நீர் வாழை வேரில் வடிவது அந்தக் குழியில் கலப்பதைவிட நல்லது. இரண்டாவது கேள்விக்கும் விடை உண்டு. மகளுக்குச் சீதனமாகக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் மரபில் வளவு சிறுத்தது மெய். கிணறும் பங்குக் கிணறானது. ஆனால் ஏக்கரில் 16-இல் ஒரு பங்கான ஒரு பரப்புக் காணியில் வீடு கட்டினாலும், நாலு வாழைக்கும் ஒரு முருங்கைக்கும் ஒரு கறிவேப்பிலைக்கும் இடம் மிஞ்சும். ஒரு குடும்பம் அன்றாடம் குளிக்கும் தண்ணீரால் தாங்கக்கூடிய தோட்டமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

2024-இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. உவரும் நைத்திரேற்றும் ஏறிய கிணறுகளை நம்பியிருந்த வீடுகளுக்கு அது பெரும் ஆறுதல். ஆனால் அவ்வளவு மின்சாரம் செலவழித்து உப்பு நீக்கிய தண்ணீரை ஒருமுறை உடலில் ஊற்றிவிட்டுக் குழியில் விடுவது நம் முன்னோர் எவரும் செய்யாத வீண்செலவு. வீட்டுத்தோட்டத்தை வளர்க்க விரும்பும் அரசும் பிரதேச சபைகளும் விதைப் பொதிகளோடு நின்றுவிடாமல், புதிய வீட்டின் வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே குளியலறை நீருக்குத் தனி வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வீடு கட்டப்போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அத்திவாரம் வெட்டும் நாளிலேயே மேசனிடம் சொல்லி, மலகூடக் குழாயோடு சேராத இன்னொரு குழாயை வளவுப் பக்கம் இறக்கிவிடுங்கள். பிறகு தரையை உடைத்துச் செய்வதைவிட அப்போது ஆகும் செலவு மிகக் குறைவு. அந்தக் குழாயின் வாயில் வாழைக்குட்டியை மாரியிலேயே நட்டுவிட்டால், வருகிற கோடைக்கு அது வேர் பிடித்து நிற்கும்.