தொடக்கப் பள்ளியில் ஓவியம் கற்பித்தல்: ஆசிரியரின் கைக்கு எல்லை எது?

1. முன்னுரை

நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, விருப்பம்போல் வரையச் சொன்னால் பெரும்பாலும் ஒரே காட்சிதான் வரும். முக்கோணமாய் இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், வளைந்து இறங்கும் ஆறு, ஓட்டு வீடு, ஒற்றைத் தென்னை. கண்ணுக்கெட்டிய தூரம் மலையே இல்லாத காவிரிப் படுகையிலும் இதே இரண்டு மலைதான். பிள்ளை தினமும் தாண்டிவரும் வாய்க்காலும் மதகும் களமும் தாளுக்கு வருவதில்லை.

இது குழந்தையின் கற்பனை வறட்சியன்று, கற்பித்ததன் விளைவு. கருவியையும் பொருளையும் கையாளக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை, படத்தைக் கற்பிப்பது அவருடைய வேலையன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. சட்டம் விட்ட இடைவெளி

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்களை வகுக்கிறது. ஆனால் அது 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு, அதுவும் மாணவர் எண்ணிக்கை நூறைத் தாண்டும் பள்ளிகளுக்கு மட்டுமே. 1 முதல் 5 வரை அப்படி எவரும் இல்லை. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு கலைக்கல்வி எல்லா நிலையிலும் வேண்டும் என்றபோதிலும், தொடக்க வகுப்பில் அந்தப் பொறுப்பு வகுப்பாசிரியர் தலையிலேயே விழுகிறது.

ஓவிய ஆசிரியர் வந்து சேரும் ஆறாம் வகுப்பில் பிள்ளைக்குப் பதினொரு வயது. “எனக்கு டிராயிங் வராது சார்” என்ற முடிவுக்கு அதற்குள் பலரும் வந்துவிடுகிறார்கள். அந்த முடிவு உருவாகும் ஆண்டுகளைத்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம்.

3. குழந்தை வரையும் முறை

3.1 படிநிலைகள்

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய விக்டர் லோவன்ஃபெல்ட், 1947இல் வெளியிட்ட நூலில் குழந்தை ஓவியத்தின் வளர்ச்சியைப் படிகளாகப் பிரித்தார். ஏறத்தாழ 2 முதல் 4 வயது வரை கிறுக்கல். 4 முதல் 7 வரை தலையிலிருந்தே கைகால் முளைக்கும் மனிதர்கள் போன்ற தொடக்க உருவங்கள். 7 முதல் 9 வரை மனிதன், மரம், வீடு ஒவ்வொன்றுக்கும் பிள்ளை தனக்கென வகுத்துக்கொள்ளும் நிலையான வடிவம். 9 வயதுக்குமேல் உள்ளது உள்ளபடி வரைய வேண்டும் என்ற ஏக்கம். ஐந்தாண்டுத் தொடக்கக் கல்வி இவற்றில் மூன்று படிகளைத் தொட்டுச் செல்கிறது. எல்லா வயதினர்க்கும் ஒரே மாதிரிப் படத்தைக் கொடுப்பது பொருந்தாது என்பதற்கு இதுவே போதும்.

3.2 பிழையல்லாத பிழைகள்

பேருந்தை வரையும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை, தகரத்தைத் தாண்டி உள்ளே இருப்பவர்களின் கால்களையும் காட்டும். புளியங்காய் பறிக்கும் தன்னை வரைந்தால் பறிக்கும் கை உடம்பைவிட நீளும். மற்றொரு கை இல்லாமலே போகும். குழந்தை கண்ணால் காண்பதையன்று, தனக்குத் தெரிந்ததையே வரைகிறது என்று பிரெஞ்சு அறிஞர் லூக்கே 1927இலேயே விளக்கினார். நீண்ட கை, பறிக்கும்போது எது முக்கியமாக இருந்தது என்பதன் பதிவு. அதை அழித்துத் திருத்தினால் நேராவது கை மட்டுமே. பிள்ளை சொல்லவந்த செய்தி போய்விடும்.

4. நகலும் மாற்று மரபும்

பார்த்து வரையும் பழக்கத்துக்கு இங்கே நீண்ட வேர் உண்டு. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கிய காலத்தில் ஓவியக் கல்வியின் நோக்கம் பெரிதும் தொழில்திறனே. ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் ஆகிய அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகள் அந்த மரபின் தொடர்ச்சி. கைவினைஞருக்கும் வரைவாளருக்கும் அப்பயிற்சி தேவைதான். ஆறு வயதுக் குழந்தையிடம் அதே அளவுகோலை நீட்டுவதில்தான் கோளாறு.

மாற்றுக் குரல்களும் பழையவை. வியன்னாவில் 1897இல் சிறாருக்கான ஓவிய வகுப்பைத் தொடங்கிய ஃபிரான்ஸ் சிசெக், பெரியவர்களின் மாதிரிகளை ஒதுக்கினார். ஆனாலும் அவர் மாணவர் படங்களில் ஒரே சாயல் படிந்திருந்ததைப் பின்வந்தோர் சுட்டிக்காட்டினர். தலையிடாத ஆசிரியர் என்று எவரும் இல்லை என்பதே இதிலிருந்து தெரிவது. சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்ற தேவி பிரசாத், 1944 முதல் சேவாகிராமத்தில் காந்தியின் ஆதாரக் கல்விப் பள்ளியில் ஓவியம் கற்பித்தார். கலையே கல்விக்கு அடிப்படை என்பது அவர் நிலைப்பாடு. அங்கே கைத்தொழிலும் ஓவியமும் ஒரே வாழ்க்கையின் பகுதிகளாயின.

5. வகுப்பறை நடைமுறை

5.1 வரையும் முன்

“மழை” என்று தலைப்பு எழுதிப்போட்டால் மலையும் குடையும் வரும். மாறாக, பத்து நிமிடம் பேச வேண்டும். நேற்று மழையில் எங்கே ஒதுங்கினாய்? புத்தகப்பையை எங்கே வைத்தாய்? செருப்பைக் கையில் பிடித்தாயா? ஆடு எங்கே நின்றது? ஒதுங்கியதுபோல் ஒருமுறை நின்று காட்டச் சொல்லலாம். உடம்பு நினைவுபடுத்திக்கொண்டதைக் கை வரையும். தலைப்பு “மழை” என்பதைவிட “மழையில் நான்” என்றிருந்தால் நகலுக்கு இடமே இருக்காது.

5.2 வரையும்போது

கரும்பலகையில் படம் வேண்டாம். பிள்ளையின் தாளில் ஆசிரியரின் பென்சிலும் வேண்டாம். “மாடு வரையத் தெரியல டீச்சர்” என்று வரும் பிள்ளையிடம், மாட்டுக்குக் கொம்பு எங்கே முளைக்கிறது, காதுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்கலாம். அது வெளியே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

5.3 கற்பிக்க வேண்டியவை

தூரிகையைக் கழுவி நீரை வடிப்பது, பசையை அளவாகத் தடவுவது, களிமண்ணைக் கல் நீக்கிப் பிசைவது, மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை கிடைப்பது ஆகியவற்றை ஆசிரியர் செய்தே காட்டலாம். இங்கே செய்துகாட்டல் குழந்தையின் படத்தைப் பறிப்பதில்லை. அதற்கான வழியைத் திறக்கிறது.

6. பொருள்கள்

கிரேயான் பெட்டி இல்லாத பள்ளியிலும் வகுப்பு நடக்கும். கரித்துண்டு, செங்கல் துண்டு, பழைய நாளிதழ், பனையோலை, குறுக்கே நறுக்கிய வெண்டைக்காயால் பதிக்கும் அச்சு எல்லாம் கைக்கெட்டும் பொருள்கள். மஞ்சள் கரைசலில் துளி சுண்ணாம்பு விழுந்தால் சிவப்பாகும். சங்குப்பூச் சாறு எலுமிச்சை பட்டதும் நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறும். அறிவியல் பாடமும் ஓவியப் பாடமும் இங்கே ஒன்றாகின்றன. சுண்ணாம்பை மட்டும் ஆசிரியரே கையாள வேண்டும்.

7. மதிப்பிடல்

படத்துக்கு மதிப்பெண் போட்டால் வகுப்பு முழுவதும் முதல் மதிப்பெண் பெற்ற படத்தைப் பார்த்து வரையத் தொடங்கும். ஒவ்வொரு பிள்ளையின் படங்களையும் தேதியிட்டுக் கோப்பில் சேர்த்தால், ஜூனில் வரைந்ததையும் பிப்ரவரியில் வரைந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பிள்ளையை அதன் பழைய படத்தோடு மட்டுமே ஒப்பிடலாம். ஆண்டுவிழாக் கண்காட்சிக்கு ஆசிரியர் “சரிசெய்து” ஒட்டும் படம் பெற்றோரை மகிழ்விக்கும். பிள்ளைக்கோ தன் கை போதாது என்றே சொல்லும்.

8. முடிவுரை

நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரே ஆசிரியர் இதையெல்லாம் செய்வது எளிதன்று. ஆயினும் மேற்கூறிய முறைக்கு வேண்டியது ஓவியத் திறமையன்று. கேட்கத் தெரிந்த வாயும் விலகி நிற்கத் தெரிந்த கையுமே. எனவே தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சியில் படம் வரையப் பழக்குவதைவிட, குழந்தையின் படத்தைப் படிக்கப் பழக்குவதற்கு முதலிடம் தர வேண்டும். வாரம் ஒரு பாடவேளையாவது ஓவியத்துக்கென ஒதுக்கி, அதைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்காமல் காப்பது தலைமையாசிரியரின் பொறுப்பு. சிறப்பாசிரியர் நியமனத்தை ஒன்றாம் வகுப்பு வரை கீழிறக்குவது அரசின் பொறுப்பு.