இருபது நிமிடமும் மூன்று மணி நேரமும்: வீட்டுக்கல்வியின் நாள் ஒழுங்கில் மேசனும் மாண்டிசோரியும்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்க முடிவெடுத்த பெற்றோர் பலரும் முதல் வாரத்திலேயே ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். ஒன்பது மணிக்குக் கணக்கு, ஒன்பதே முக்காலுக்குத் தமிழ், பத்தரைக்கு அறிவியல். சின்னவனுக்கு ஒருநாள் காய்ச்சல், பெரியவளுக்குக் கழித்தல் கணக்கில் அழுகை, வாசலில் கேஸ் சிலிண்டர் என்று நாள்கள் நகர, அந்தத் தாள் வெறும் சுவர் அலங்காரமாகிவிடுகிறது. சரி, பிள்ளைகள் விருப்பப்படியே போகட்டும் என்று விட்டால், மதியச் சாப்பாட்டு நேரம் வரை யாரும் எதையும் தொடங்கியிருக்க மாட்டார்கள்.

இறுக்கிக் கட்டினாலும் அறுகிறது, அவிழ்த்துவிட்டாலும் சிதறுகிறது. நாள் ஒழுங்கில் எது அசையாமல் நிற்க வேண்டும், எது வளைந்துகொடுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு நூறாண்டுகளுக்கு முன்பே இரண்டு பெண்கள் விடை சொன்னார்கள்: இங்கிலாந்தில் சார்லட் மேசன், இத்தாலியில் மரியா மாண்டிசோரி. உலகெங்கும் வீட்டுக்கல்விப் பெற்றோர் இன்றும் நாடிப்போகும் இவ்விருவரின் விடைகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிராகத் தோன்றுபவை. அருகருகே வைத்துப் பார்த்தால், நம் வீட்டுக்கு ஏற்ற ஒழுங்கை அமைக்க இரண்டுமே தேவைப்படுகின்றன.

பிறந்த இடம்

மேசன் (1842–1923) 1885–86 குளிர்காலத்தில் பிராட்ஃபோர்டு நகரில் தாய்மார்களை மனத்தில் கொண்டு ஆற்றிய உரைகள், 1886இல் 'ஹோம் எஜுகேஷன்' என்ற நூலாயின. 1891இல் அவர் தபால் வழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பாடத்திட்டமும் நேர அட்டவணையும் பருவந்தோறும் வீடு தேடிப் போயின. பருவ இறுதியில் தேர்வுக் கேள்விகளும் போயின. பாடம் நடத்தியவர்கள் தாய்மார்களும் வீட்டு ஆசிரியைகளும். ஆக, மேசனின் ஒழுங்கு வீட்டுக்கென்றே பிறந்தது.

மருத்துவரான மாண்டிசோரி (1870–1952) தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தை 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போய்விட, குடியிருப்பில் தனித்து விடப்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கான இடம் அது. வீட்டில் தாய் இல்லாத நேரத்தை நிரப்பப் பிறந்த முறை அது. தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த மாண்டிசோரிக்கு, உலகப் போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அடையாற்றிலும் கொடைக்கானலிலும் அவர் பணிபுரிந்தார். நம் ஊர்களில் மாண்டிசோரி என்ற பெயர் இத்தனை பழகிப்போனதற்கு அந்த ஆண்டுகள் ஒரு காரணம்.

கவனம் எப்படிப்பட்டது?

இருவரையும் பிரிப்பது கவனத்தைப் பற்றிய புரிதல்தான். கால அளவில் உள்ள வேறுபாடு அதிலிருந்து கிளைப்பது.

மேசனுக்குக் கவனம் ஒரு பழக்கம். பல் துலக்குவதைப் போலப் பழக்கித்தான் வர வேண்டும். தேய்ந்து போவதற்குள் நிறுத்திவிடவும் வேண்டும். எனவே எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு எந்தப் பாடமும் இருபது நிமிடத்தைத் தாண்டுவது அரிது. நேரம் கொஞ்சந்தான் என்று தெரிந்த குழந்தை, இருக்கும் நேரத்தில் முழு மனத்தோடு செய்யும் என்பது அவர் கணிப்பு. கதையை ஒரே ஒரு முறை படித்துக் காட்டுவார்கள். கேட்ட குழந்தை அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். மறுபடி படித்துக் காட்டுவார்கள் என்ற எண்ணமே காதை மந்தமாக்கிவிடும் என்று அவர் கருதினார். பாடங்களின் வரிசையிலும் அதே கவனிப்பு இருந்தது. கணக்குக்குப் பின் படம் வரைதல், வாசிப்புக்குப் பின் உடற்பயிற்சி என மாற்றி அமைத்தால், மூளையின் ஒரு பகுதி உழைக்கையில் மற்றொன்று ஓய்வெடுக்கும் என்பது அவர் எண்ணம்.

மாண்டிசோரிக்குக் கவனம் தானாக முளைப்பது. பொருத்தமான வேலை கைக்குக் கிடைத்தால் அது வரும்; வந்தபின் குறுக்கிடாமல் இருப்பதே பெரியவர் கடமை. சான் லொரென்சோவில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்துவதை நாற்பது தடவைக்கும் மேல் திரும்பத் திரும்பச் செய்ததை அவர் பார்த்தார். சுற்றியிருந்த குழந்தைகளைப் பாடவைத்தார். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. முடித்தபோது களைப்பில்லை, நன்றாகத் தூங்கி எழுந்தவளின் தெளிவு முகத்தில் இருந்தது.

இத்தகைய கவனிப்பிலிருந்து வளர்ந்ததுதான் இன்று மாண்டிசோரி வகுப்புகளில் காணும் மூன்று மணி நேரத் தொடர் வேலை. குழந்தைகளின் காலைப் பொழுதைக் கோடுகளாக வரைந்து பார்த்த மாண்டிசோரி, ஓர் உண்மையைக் கண்டார். முதலில் எளிய வேலை; பத்து மணி வாக்கில் ஒரு சலசலப்பு. பெரியவர்கள் 'களைத்துவிட்டார்கள், வெளியே விடலாம்' என்று நினைக்கும் நேரம் அது. அந்தப் பொய்க் களைப்பைப் பொறுத்துக் கடந்தால், குழந்தை அன்றைய நாளின் மிகக் கடினமான வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறது.

நிற்பது எது, வளைவது எது?

மேசனின் காலை கறாரானது. ஆறு வயதில் தொடங்கும் முதல் வகுப்புக்கு ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை, வாரம் ஆறு நாள். ஆனால் பதினொன்றரைக்குப் பின் வீட்டுப்பாடம் கிடையாது. பிற்பகல் முழுவதும் குழந்தைக்குச் சொந்தம். நல்ல வானிலையில், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, நாளைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் வெளியில் இருக்கட்டும் என்றார். காலைக்குள்ளும் வளைவு உண்டு. கணக்கில் குழந்தை திகைத்து நின்றால் அதை மூடிவைத்து முற்றிலும் வேறான ஒன்றைத் தரச் சொல்கிறார். சுருங்கச் சொன்னால், மேசன் பாடத்துக்குக் கரை கட்டி, நாளைத் திறந்துவிடுகிறார்.

மாண்டிசோரி நேர்மாறு. மூன்று மணி நேரத்தின் தொடக்கமும் முடிவும் அசையாதவை. எடுத்த பொருளை அதன் இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டும் என்ற விதியும் அசையாதது. உள்ளே எந்த வேலை, எவ்வளவு நேரம், எத்தனை முறை என்பது குழந்தையின் முடிவு. இந்த நெகிழ்வு அவருக்கும் முதல் நாளே கிடைத்துவிடவில்லை. அவருடைய முதல் நூலின் 1912 ஆங்கிலப் பதிப்பில், காலை 9 முதல் மாலை 4 வரை மணிக்கொரு வேலை என்று வகுத்த குளிர்கால அட்டவணையே இருக்கிறது. குழந்தைகளைக் கவனிக்கக் கவனிக்க, உள்ளிருந்த தடுப்புகள் விலகின. அட்டவணை எழுதித் தோற்ற பெற்றோருக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறில்லை.

இருவரும் ஒன்றுபடும் இடங்கள் ஆழமானவை. பரிசும் மதிப்பெண்ணும் அச்சமும் காட்டிக் கவனத்தை வாங்குவதை இருவருமே மறுத்தார்கள். ஆறு வயதுக்குள் குழந்தையை உட்காரவைத்துப் பாடம் திணிப்பதையும் இருவருமே விரும்பவில்லை.

நம் வீட்டுக்கு வரும்போது

இரண்டையும் அப்படியே நம் வீட்டில் இறக்க முடியாது. மேசனின் வெளிப்பொழுது இங்கிலாந்தின் கோடைக்கு எழுதியது. நம் சித்திரை வெயிலில் அது காலை எட்டுக்குள்ளும் மாலை ஐந்துக்குப் பிறகுமாக இரண்டாகப் பிரியும். பாடம் நடுவில் வரும். மாண்டிசோரியின் மூன்று மணி நேரம் ஏராளமான கருவிகளும் பல வயதுக் குழந்தைகளும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் உள்ள அறைக்கானது. அடுப்பில் குழம்பைக் கொதிக்கவைத்துக்கொண்டு, இடுப்பில் கைக்குழந்தையோடு நிற்கும் தாயிடம் அதை எதிர்பார்ப்பது கொடுமை.

ஆனால் வீட்டுக்கென்று ஒரு வலிமை உண்டு. மாண்டிசோரி வகுப்பில் துடைத்தல், ஊற்றுதல், பொத்தான் போடுதல் என்று பயிற்சியாக அமைத்துத் தருவதெல்லாம் வீட்டிலிருந்து போனவையே. நம் சமையலறையில் அவை நிஜமாகவே நடக்கின்றன. பூண்டு உரிப்பதும் கீரை ஆய்வதும் உளுந்தைப் படியிலிருந்து பாத்திரத்துக்கு மாற்றுவதும் நான்கு வயதுக்காரனுக்கு முழுமையான வேலைகள்.

என் முடிவு இது. ஆறு வயதுக்குக் கீழே மாண்டிசோரியின் வழி. காலையில் ஒன்றரை மணி நேரமாவது யாரும் குறுக்கிடாத ஒரே துண்டாக இருக்கட்டும்; கைபேசியும் அந்த நேரத்தில் வாய் மூடட்டும். ஆறு வயதுக்கு மேல் மேசனின் குறும்பாடங்கள் முதலில், அதன்பின் குறுக்கீடற்ற நீண்ட பொழுது. எழுத்தும் கணக்கும் பெரியவர் அருகிருந்து சொல்லித்தர வேண்டியவை. அவற்றை இருபது நிமிடத்தில் நிறுத்தினால் தாயும் பிள்ளையும் பகையாவதில்லை. கடிகார மணியைக் கழற்றிவிட்டு வரிசையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். குளியல், சாப்பாடு, பாடம், வேலை, விளையாட்டு என்ற வரிசை மாறாதவரை, ஒருநாள் ஒன்பதுக்கும் மறுநாள் பத்துக்கும் தொடங்கினாலும் குழந்தைக்கு அடுத்தது என்ன என்று தெரியும். அந்தத் தெரிதலே அதற்கு நிம்மதி. காய்ச்சல் வந்த நாளில் வரிசையின் இடையில் இரண்டை எடுத்துவிடலாம். மிச்சம் அதே வரிசையில் நிற்கும்.

அட்டவணை எழுதும் முன் ஒரு வாரம் வெறுமனே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: பிள்ளை எப்போது ஒன்றில் ஆழ்கிறது, எவ்வளவு நேரம், எது அதைக் கலைக்கிறது. மாண்டிசோரியின் நெகிழ்வு அப்படித்தான் பிறந்தது. அந்தக் குறிப்பில் பலமுறை நம் குரலே கலைப்பதாக எழுத நேரும். உளுந்தை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருப்பவனைச் சாப்பிட அழைக்க வாய் திறக்கும்போது, அவன் பாத்திரத்தைக் கீழே வைக்கும்வரை காத்திருங்கள். சோறு ஆறினால் சூடாக்கிக்கொள்ளலாம்.