பணம் கேட்ட கடிதங்கள் - தரங்கம்பாடி அச்சகத்தின் கதை

ஒரு அறக்கட்டளையிடம் நிதி கேட்பது என்றால் இன்று படிவம், திட்ட அறிக்கை, பட்ஜெட், தணிக்கை செய்த கணக்கு என்று ஒரு கட்டு காகிதம் வேண்டும். 300 வருடங்களுக்கு முன்பு இதெல்லாம் கிடையாது. கடிதம் எழுத வேண்டும், அது கப்பலில் போக வேண்டும், பதிலும் கப்பலிலேயே வர வேண்டும். அவ்வளவுதான்! ஆனால் நிதி கேட்பதில் இருக்கும் சிக்கல்கள் மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே. இதற்கு நல்ல உதாரணம் நம் தரங்கம்பாடி.

டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக் அனுப்பிய சீகன்பால்க், புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்தார்கள். கோபன்ஹேகனிலிருந்து வந்து சேரவே 7 மாதங்களுக்கு மேல் ஆனது. ஒரு கடிதத்துக்குப் பதில் கிடைக்க எவ்வளவு நாள் ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

சீகன்பால்க் தமிழ் கற்றார், பள்ளிக்கூடம் நடத்தினார். 1708-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கி 1711 மார்ச்சில் முடித்தார். ஆனால் அதை எப்படிப் பரப்புவது? சம்பளம் கொடுத்து ஆள் வைத்து ஓலையில் பிரதி எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிரதிக்கும் மறுபடியும் அதே செலவு, அதே நேரம். தமிழில் 1578-லேயே கொல்லத்தில் புத்தகம் அச்சாகியிருந்தாலும், சீகன்பால்க் காலத்தில் அவர் பயன்படுத்தக்கூடிய தமிழ் அச்சகம் எதுவும் இல்லை. அச்சு இயந்திரம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும்.

யாரிடம் கேட்பது? அவர்களுக்குப் பழக்கமான இடம் ஜெர்மனியின் ஹாலே நகரம். அங்கே ஃபிராங்கே என்ற பாதிரியார், 1695-ல் உண்டியலில் கிடைத்த ஒரு சிறிய தொகையை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆரம்பித்து, அதைப் பெரிய அனாதை இல்லமாகவே வளர்த்திருந்தார். நன்கொடை திரட்டும் கலை தெரிந்தவர். தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களை 1710 முதல் தொடர்ந்து அச்சிட்டு ஐரோப்பா முழுவதும் அனுப்பினார். படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். இன்றைய தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைக்கு இதை ஒரு முன்னோடி என்று சொல்லலாம்.

அதே கடிதங்கள் லண்டனுக்கும் போயின. அங்கே அரண்மனையில் இருந்த பேமே என்ற ஜெர்மன் பாதிரியார் அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1709-ல் வெளியிட்டார். இங்கேதான் ஒரு சட்டச் சிக்கல் வருகிறது.

அப்போது லண்டனில் இரண்டு சங்கங்கள் இருந்தன. ஒன்று எஸ்.பி.ஜி. இது 1701-ல் அரச சாசனம் பெற்றது. அந்தச் சாசனப்படி அது பிரிட்டிஷ் குடியேற்றங்களில்தான் வேலை செய்ய வேண்டும். தரங்கம்பாடியோ டேனிஷ்காரர்களுடையது! இன்னொன்று எஸ்.பி.சி.கே. தாமஸ் பிரே என்ற பாதிரியாரும் வேறு நான்கு பேரும் 1698-ல் தொடங்கியது. இங்கிலாந்தில் தர்மப் பள்ளிகள் நடத்துவதும் புத்தகம் வெளியிடுவதும் அதன் வேலை. அரச சாசனம் இல்லை, உறுப்பினர்கள் தரும் சந்தாதான். சாசனம் இல்லாதது குறை மாதிரி தோன்றும். ஆனால் அதனால்தான் வேறு நாட்டுக்காரர்களுக்கு, அதுவும் வேறு சபையைச் சேர்ந்த லூத்தரன்களுக்கு, உதவ அதனால் முடிந்தது. கம்பெனிச் சட்டம் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். நோக்கங்கள் பற்றிய பிரிவு எவ்வளவு இறுக்கமோ, கை அவ்வளவு கட்டப்பட்டிருக்கும்.

1711-ல் எஸ்.பி.சி.கே. ஒரு அச்சு இயந்திரத்தையும் ரோமன் எழுத்துக்களையும் காகிதத்தையும் அனுப்பியது. கூடவே ஃபிங்கே என்ற அச்சுத் தொழிலாளி. கப்பல் பிரேசிலில் ரியோ டி ஜெனிரோ அருகே பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. இயந்திரம் தப்பியது. ஆனால் ஃபிங்கே வழியிலேயே காய்ச்சலில் இறந்து போனார். 1712-ல் இயந்திரம் வந்து சேர்ந்தபோது அதை இயக்கத் தெரிந்தவர் கூட வரவில்லை!

தமிழ் எழுத்துக்கள் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713-ல் வந்தன. சிக்கல் அதோடு தீரவில்லை. அந்த எழுத்துக்கள் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். அதனால் பக்கத்திலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். புதிய ஏற்பாடு 1714-ல் பாதியும் 1715-ல் மீதியுமாக அச்சானது. பிறகு பொறையாறில் ஒரு காகித ஆலையையே ஆரம்பித்துப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை.

வணிகவியல் மொழியில் சொன்னால், மூலதனச் செலவுக்கு நிதி கிடைத்தது, நடப்புச் செலவுதான் கழுத்தை நெரித்தது. இயந்திரம் ஒரு தடவை வாங்கினால் போதும். காகிதம், மை, கூலி எல்லாம் ஒவ்வொரு வருடமும் வேண்டும். இதனால்தான் சீகன்பால்க்கும் அவருடைய சக பாதிரியார் கிருண்ட்லரும் கடைசி வரை கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். கோபன்ஹேகனில் 1714-ல் அமைக்கப்பட்ட மிஷன் குழுவோ, பள்ளிக்கும் கட்டிடத்துக்கும் ஏன் இவ்வளவு செலவு என்று கடுமையாகக் கேட்டது. 1719 பிப்ரவரி 23 அன்று சீகன்பால்க் இறந்தார். வயது 36. அடுத்த வருடமே கிருண்ட்லரும் இறந்தார்.

இந்தக் கதையில் யோசிக்க வைக்கும் இன்னொரு விஷயம் உண்டு. 1713-ல் சீகன்பால்க் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். தமிழர்களிடமே கேட்டும் தமிழ் ஓலைகளைப் படித்தும் எழுதியது. ஃபிராங்கே அதை அச்சிட மறுத்தார். அந்த மதத்தை ஒழிக்கத்தானே அனுப்பினோம், ஐரோப்பாவில் பரப்புவதற்கா என்பது அவருடைய வாதம். அந்த நூல் 1867-ல்தான் சென்னையில் அச்சானது. 154 வருடக் காத்திருப்பு! இன்று தமிழகத்தின் அந்தக் காலச் சமயத்தை ஆராய்பவர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

அந்த உதவி இல்லாவிட்டால் தரங்கம்பாடியில் அச்சகம் வந்திருக்காது, அதை மறுக்க முடியாது. ஆனால் பணம் கொடுப்பவர் எது நடக்கும் என்பதை மட்டும் முடிவு செய்வதில்லை, எது காத்திருக்கும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார். நிதி கேட்டுக் கடிதம் எழுதும் ஒவ்வொருவரும் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்பது நல்லது.