மெர்சிடிஸ்-பென்ஸ் 500 இ: வரலாறும் மீட்டெடுப்பும்

மெர்சிடிஸ்-பென்ஸ் 500 இ என்பது 1990 முதல் 1995 வரை ஜெர்மனியில் தயாரான நான்கு கதவு மகிழுந்து ஆகும். தோற்றத்தில் குடும்ப வண்டி. உள்ளே 5 லிட்டர் வி8 இயந்திரம். தொடக்க வண்டிகளின் திறன் 326 குதிரைத்திறன். மொத்தம் 10,479 வண்டிகளே செய்யப்பட்டன.

உருவாக்கம்

டபிள்யூ124 வகை மகிழுந்தில் வி8 இயந்திரத்தைப் பொருத்தும் வடிவமைப்புப் பணியை மெர்சிடிஸ், போர்ஷே நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அப்போது போர்ஷே பண நெருக்கடியில் இருந்தது. சக்கர வளைவுகள் அகன்றதால் வண்டியின் உடற்கூடு சிண்டெல்பிங்கன் ஆலையின் வழக்கமான தொகுப்பு வரிசையில் அடங்கவில்லை. எனவே அது போர்ஷேயின் சுபன்ஹவுசன் ஆலையில் பொருத்தப்பட்டு, வண்ணம் பூசச் சிண்டெல்பிங்கனுக்குத் திரும்பி, இறுதி வேலைக்கு மீண்டும் சுபன்ஹவுசன் சென்றது. ஒரு வண்டி முடிய 18 நாட்கள் ஆயின.

மீட்டெடுப்பு

இவ்வண்டியை ஆலையிலிருந்து வந்த நிலைக்கே கொண்டுவர விரும்புவோர் முதலில் வண்ணக் குறியீடு, இருக்கை உறை, சக்கரங்கள் ஆகியவற்றைத் தயாரிப்புப் பதிவோடு ஒப்பிடுகின்றனர். ஆனால் எல்லா மூலப் பாகங்களையும் காப்பாற்ற இயலாது. 1990களின் முற்பகுதியில் வந்த பல மெர்சிடிஸ் வண்டிகளைப் போலவே இதிலும் இயந்திர மின்கம்பிகளின் காப்புறை வெப்பத்தால் காய்ந்து உதிர்கிறது. வெற்றுக் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் இயந்திரம் தடுமாறும்; மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் பழுதாகலாம். பழைய கம்பிகளை அப்படியே விட்டால் வண்டி அசலாக இருக்கும், நம்பி ஓட்ட முடியாது. ஆகவே அவற்றை அதே அமைப்பில் புதிதாகச் செய்து மாற்றுகின்றனர். இங்கு மூலநிலை என்பது பழைய பொருளைக் குறிப்பதன்று. வண்டி முதல் நாள் ஓடியபடியே ஓடுவதைக் குறிக்கிறது.