கரண்ட் கம்பத்தில் பிறந்த கிகாபிட்

2010 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துச் சாட்டனூகா நகரம் ஒரு விலையை அறிவித்தது. நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் இணையம், மாதம் 350 டாலர், அந்த ஊரில் யார் கேட்டாலும் கிடைக்கும். இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத ஊர் அது. அறிவித்தது தொலைபேசி நிறுவனமோ கேபிள் நிறுவனமோ அல்ல. நகரத்துக்கே சொந்தமான மின்வாரியம். அந்த ஆண்டு மார்ச்சில் வெளியான அமெரிக்க அரசின் அகலக்கற்றைத் திட்டமோ, 2020க்குள் பத்துக் கோடி வீடுகளுக்கு 100 மெகாபிட் என்பதையே பெரிய இலக்காக வைத்திருந்தது. தன் ஃபைபரை எந்த ஊரில் போடுவது என்று கூகுள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. 350 டாலர் என்பதும் ஒரு குத்துமதிப்புதான். இவ்வளவு வேகத்துக்கு என்ன விலை வைப்பதென்று தங்களுக்கே தெரியவில்லை என்று வாரியத் தலைவர் ஹரால்ட் டிப்ரீஸ்ட் அப்போது வெளிப்படையாகவே சொன்னார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக 1969இல் தொடங்குவார்கள். நாட்டிலேயே காற்று மிக மோசமாகக் கெட்டுப்போன ஊர் என்று தொலைக்காட்சிச் செய்தியில் சாட்டனூகாவின் பெயர் அடிபட்டது. வார்ப்படத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. ஊர் சரிந்தது, பிறகு மீண்டது என்று போகும் அந்தக் கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஊரின் கிகாபிட் இணையம் பிறந்த வழி அது அல்ல. அது பிறந்தது, புயலில் முறிந்து மின்கம்பியில் விழும் மரக்கிளையால்.

சாட்டனூகா மலையும் காடும் சூழ்ந்த ஊர். அங்கே 1935இல் மக்கள் வாக்களித்து மின்சாரத்தைப் பொதுச் சொத்தாக்கினார்கள். நகர வாரியம் உருவானது. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் அணைகளில் எடுக்கும் மின்சாரத்தை மொத்தமாக வாங்கி 1939 முதல் வீடுகளுக்கு விநியோகித்தது. சுமார் 600 சதுர மைல் பரப்பு, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள். முன்பெல்லாம் கம்பி அறுந்தால் எங்கே அறுந்தது என்று வாரியத்துக்குத் தெரியாது. யாராவது போன் செய்ய வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு லைன்மேன் போக வேண்டும். இருட்டில் கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

இதற்கு வாரியத்தின் பொறியாளர்கள் கண்ட வழி, கம்பங்களின் மேல் தானியங்கிச் சுவிட்சுகளைப் பொருத்துவது. பழுது ஏற்பட்டதும் இரு பக்கச் சுவிட்சுகளும் ஒன்றோடொன்று பேசி, கெட்ட துண்டை மட்டும் கழற்றிவிட்டு, மற்ற வீடுகளுக்கு வேறு பாதையில் மின்சாரத்தைத் திருப்பிவிடும். சில நொடிகளில் முடிகிற வேலை. ஆனால் அவை பேசிக்கொள்ளத் தாமதமில்லாத ஒரு வழி வேண்டும். வீட்டு மீட்டர்கள் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்பும் கணக்கும் வந்து சேர வேண்டும். கண்ணாடி இழைக் கம்பி போட்டால் இரண்டும் முடியும். போட்ட பின், இந்த வேலைக்கு அந்த இழையின் கொள்ளளவில் ஒரு துளிதான் செலவாகும். மீதியை என்ன செய்வது? விற்கலாம். கிகாபிட் அந்த மீதியில் வந்ததுதான்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு இதில் மிகச் சுவையான பகுதி. 2008இல், லேமன் பிரதர்ஸ் வங்கி கவிழ்வதற்குச் சில மாதங்களுக்கு முன், வாரியம் கடன்பத்திரம் வெளியிட்டுச் சுமார் 22 கோடி டாலர் திரட்டியது. ஈடாக நின்றது மாதாமாதம் வரும் கரண்ட் பில் வசூல். இதற்குள் கேபிள் நிறுவனங்கள் நீதிமன்றம் போயிருந்தன. மின்கட்டணப் பணத்தை எடுத்து இணையத் தொழிலுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. மாநிலச் சட்டமும் அதைத் தடுக்கிறது. வழக்குகள் தள்ளுபடியாயின. ஆனால் அந்தக் கட்டுப்பாடு வாரியத்துக்கு நல்லதையே செய்தது என்று நினைக்கிறேன். ஃபைபர் பிரிவுக்குத் தனிக் கணக்கு. மின்பிரிவிடம் வாங்கிய கடனுக்கு வட்டி. கம்பியைப் பயன்படுத்த வாடகை. ஃபைபர் வருமானம் இல்லாவிட்டால் மின்கட்டணத்தை ஏழு சதவீதம் வரை உயர்த்த வேண்டியிருந்திருக்கும் என்பது வாரியத்தின் கணக்கு. யார் பணத்தை யார் எடுக்கிறார்கள் என்ற கேள்வி தலைகீழாகிவிட்டது.

பத்து ஆண்டுகளில் மெல்ல மெல்ல இழுப்பதாக இருந்த கம்பியை, பொருளாதாரச் சரிவுக்கு மருந்தாக 2009இல் ஒபாமா அரசு கொடுத்த பணம் விரைவுபடுத்தியது. வாரியத்துக்குக் கிடைத்தது 11 கோடி டாலருக்கு மேல். அதுவும் இணையத்துக்காக அல்ல, நவீன மின்கட்டமைப்புக்காக. சுமார் 1,200 சுவிட்சுகள் கம்பம் ஏறின. 2012 ஜூலைப் புயலில், பழைய முறையில் ஆகியிருக்கக்கூடிய நேரத்தைவிட 17 மணி நேரம் முன்னதாகச் சீரமைப்பு முடிந்ததாகவும், அந்த ஒரு புயலிலேயே 14 லட்சம் டாலர் மிச்சமானதாகவும் கணக்கிட்டார்கள். கிகாபிட்டின் விலையும் சில ஆண்டுகளில் 70 டாலருக்கு இறங்கியது. 2020இல் கொரோனா பள்ளிகளை மூடியபோது, ஏழைக் குடும்பங்களின் சுமார் 28,000 மாணவர்களுக்கு வீட்டில் இலவச இணையம் கொடுக்கும் திட்டம் இதே கம்பி வழியாகத் தொடங்கியது.

நகராட்சி கம்பி இழுத்தாலே காசு கொட்டும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யூட்டா மாநிலத்துப் புரோவோ நகரமும் கடன்பத்திரம் வெளியிட்டு, சுமார் 4 கோடி டாலரில் ஃபைபர் போட்டது. அங்கே மாநிலச் சட்டம் நகரம் நேரடியாக வீடுகளுக்கு விற்க இடம் கொடுக்கவில்லை. இடைத்தரகு நிறுவனங்களை நம்ப வேண்டியிருந்தது. 2013இல் மொத்த வலையமைப்பையும் ஒரே ஒரு டாலருக்குக் கூகுளிடம் கொடுத்துவிட்டு, கடனை நகர மக்களே கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சாட்டனூகாவுக்கும் ஒரு வேலி உண்டு. வாரியம் மின்சாரம் கொடுக்கும் எல்லைக்குள் மட்டும்தான் இணையம் விற்கலாம் என்கிறது டென்னசிச் சட்டம். எல்லைக்கு அப்பாலிருந்த கிராமத்தார் கேட்டார்கள். வாரியமும் தயாராக இருந்தது. 2015இல் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் அந்தத் தடை செல்லாது என்றது. 2016 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாநிலச் சட்டத்தைத் தள்ள ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு டென்னசி சட்டமன்றம் ஊரக மின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இணையம் விற்க அனுமதி கொடுத்தது. நகராட்சி வாரியங்களின் எல்லையை மட்டும் தொடவில்லை.