கூண்டிலிருந்து விருந்துக்கு: ஒரு கலைச்சொல்லின் வரலாறு

மட்டக்களப்பு வாவியில் மீன்பிடிப்போர் கண்ணின் அளவறிந்தே வலையைத் தெரிவர். கண் சிறிதாயின் குஞ்சும் அகப்படும். பெரிதாயின் இறால் தப்பும். வரும் மீனுக்கேற்ப வலை தன் கண்ணை மாற்றுவதில்லை. அவ்வாறு மாறும் வலையொன்றை இரசாயனவியலார் கண்டுள்ளனர். அதனை அவர்கள் அணுகிய வரலாறு, சொற்கள் மாறிய வரலாறுமாகும்.

குளிர்நீருடன் குளோரீன் சேர்ந்து திண்மமாவதை 1811 இல் ஹம்பிரி டேவி எடுத்துரைத்தார். நீர் மூலக்கூறுகள் கட்டிய அறைகளில் குளோரீன் அடைபட்டிருப்பது மிகப் பிற்பட்டே தெளிவாயிற்று. 1894 இல் எமில் பிஷர், நொதியத்தையும் அது தாக்கும் பொருளையும் பூட்டுக்கும் திறவுகோலுக்கும் ஒப்பிட்டார். அடைபட்ட சேர்க்கைகளுக்கு 1948 இல் பவல் இட்ட பெயரோ, கம்பியழியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பூட்டாயினும் கூண்டாயினும், ஏற்பது மாறாதது என்பதே கருத்து.

1967 இல் பெடர்சன், உலோக அயன்களைத் தம் நடுவே ஏற்கும் வளைய மூலக்கூறுகளை வெளியிட்டார். 1974 இல் டொனால்ட் கிராம், விருந்தோம்பி–விருந்தினர் இரசாயனவியல் என்னும் பொருள்படும் தலைப்பிலேயே கட்டுரை வரைந்தார். இவ்விருவரும் லேனும் 1987 இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்வுறவைக் கண்ணாற் காணும் வாய்ப்பை, 1981 இல் பின்னிக்கும் ரோரரும் ஆக்கிய நுணுக்குக்காட்டி அளித்தது. 2003 இல் நொட்டிங்காம் ஆய்வாளர், வெள்ளி படிந்த சிலிக்கன் பரப்பில் மெலமைனும் பெரிலீன் சேர்வையொன்றும் ஐதரசன் பிணைப்பால் தாமே கூடித் தேன்கூடுபோன்ற வலையாவதைக் காட்டினர். பின்னுவார் எவருமில்லை. ஒவ்வோர் அறையிலும் அறுபது காபன் அணுக்களாலான உருண்டைகள் ஏழுவரை தங்கின. 2007 இல் லூவென், ஒசாக்கா ஆய்வாளர், பென்சிற்கரிப் பரப்பில் துளையின்றி நெருங்கிக் கிடந்த மூலக்கூறுகள், தட்டையான விருந்தினர் வந்ததும் விலகி அறைகள் அமைத்ததைக் கண்டனர். ஈண்டு இல்லம் முந்தியதன்று. விருந்தே இல்லத்தை ஆக்கியது.

தமிழில் விருந்து என்பதற்குப் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியம் கூறும் எண்வகை வனப்புள் ஒன்று அப்பெயரே பெறும். ஓம்புதலோ பேணுதல். புதியதொன்றைப் பேணத் தன்னை மாற்றிக்கொள்வது என்னும் கருத்து இச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. கலைச்சொல்லாக்குவோர் கூண்டு என்றோ சிறை என்றோ மொழிபெயர்த்தால், தமிழில் விஞ்ஞானம் கற்கும் மாணவன் உண்மையின் பாதியையே காண்பான். விருந்தோம்பி என்னும் சொல் முழுவதையும் காட்டும்.