பிரமுகர்கள் அவையில் ஓர் அரசி

குர்ஆனில் 'மலஉ' என்றொரு சொல் உண்டு. ஒரு சமூகத்தின் பெரிய மனிதர்களைக் குறிப்பது. நிறைத்தல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து பிறந்தது. பார்ப்பவர் கண்ணை மிரட்சியால் நிறைப்பவர்கள் என்று அரபு அகராதிக்காரர்கள் விளக்குவார்கள். தமிழில் 'பிரமுகர்கள்', 'தலைவர்கள்' என்று வாசிக்கிறோம்.

இவர்கள் பெரும்பாலும் உண்மைக்குக் குறுக்கே நிற்பவர்களாகவே வருகிறார்கள். உம்மைப் பின்பற்றுவோர் எங்களில் இழிந்தவர்கள்தானே என்று நூஹ் நபியிடம் ஏளனம் பேசுகிறார்கள். ஃபிர்அவ்னின் அவையில் மூஸா நபியைச் சூனியக்காரர் என்கிறார்கள்.

நான் திரும்பத் திரும்ப வாசிப்பது 27ஆம் அத்தியாயமான 'எறும்பு'. அங்கே பிரமுகர்களின் நடுவே ஒரு பெண் வீற்றிருக்கிறார். சபா நாட்டு அரசி. குர்ஆன் அவர் பெயரைச் சொல்லவில்லை. பில்கீஸ் என்பது பின்வந்த மரபு தந்த பெயர். சுலைமான் நபியின் கடிதம் வந்ததும், உங்களைக் கலக்காமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை என்று பிரமுகர்களிடம் ஆலோசனை கேட்கிறார். அவர்கள் தங்கள் படைபலத்தைப் பேசிவிட்டு, முடிவை அவரிடமே விடுகிறார்கள். அரசர்கள் ஓர் ஊருக்குள் நுழைந்தால் அதைச் சீரழித்து, மதிப்போடு வாழ்ந்தவர்களைச் சிறுமைப்படுத்துவார்கள் என்கிறார் அரசி. போரைத் தவிர்த்துப் பரிசு அனுப்புகிறார். அது ஏற்கப்படாமல் போக, நேரில் செல்கிறார். இறுதியில் அவர் பணிவது சுலைமானுக்கு அல்ல; சுலைமானோடு சேர்ந்து இறைவனுக்கு. அவர் சூரியனை வணங்கியதைக் குர்ஆன் குறையாகச் சொல்கிறது. பெண் ஆள்வதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஆனால் நாம் அதிகம் கேட்டது வேறொன்று. பெண்ணிடம் ஆட்சியை ஒப்படைத்த சமூகம் வெற்றி பெறாது என்னும் நபிமொழி புகாரியின் தொகுப்பில் இருக்கிறது. பாரசீகத்தில் கிஸ்ராவின் மகள் அரியணை ஏறிய செய்தியைக் கேட்டு நபிகள் சொன்னதாக அறிவித்தவர் அபூபக்ரா. அதை அவர் நினைவுகூர்ந்தது, ஆயிஷா களத்தில் நின்ற 656ஆம் ஆண்டு ஒட்டகப் போரையொட்டி. மொராக்கோ சமூகவியலாளர் ஃபாத்திமா மெர்னிஸி 1987இல் வெளியிட்ட நூலில் இந்தச் சூழலைத் துருவி ஆராய்ந்தார். மறு ஆண்டே பெனாசிர் பூட்டோ பாகிஸ்தானின் பிரதமரானார். அவரை எதிர்த்த மார்க்க அறிஞர்கள் கையில் எடுத்தது இந்த நபிமொழியைத்தான். எறும்பு அத்தியாயத்தை அல்ல.

இரண்டும் ஒரே மரபுக்குள் இருப்பவை. எதை மேடையில் ஓதுவது, எதைப் பேசாமல் கடப்பது என்று நெடுங்காலம் தீர்மானித்தவர்களும் பிரமுகர்களே. அதனால்தான் பெண்கள் மூலநூலைத் தாமே திறந்து வாசிக்க வேண்டும் என்கிறேன்.